ஏழு கட்டையில் ஒரு நன்றிப் பாட்டு

பெட்டியில் என் சேலைகளுக்குக் கிடைத்தது ஒரு மூலைதான். மற்ற இடத்தையெல்லாம் திருநெல்வேலி அல்வாவும், முறுக்கும், ஒரு கட்டுப் பாட்டுத் தாள்களும் பிடித்துக்கொண்டிருந்தன. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன மலாய்க்காரப் பெண் அதிகாரி பாட்டுத் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அல்வாப் பொட்டலத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர் டோடோல்தானே, இதை ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அல்வாவுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசைதான். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பேன். மலாக்காவுக்குப் போனதும் வாசிக்கத்தான். லீவு கேட்டபோது எங்கள் மேலாளர், "கன்டாட்டாவா? அது சாப்பிடுற ஐட்டமா மேடம்?" என்றார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

கன்டாட்டா என்பது ஆராதனையில் பாடுகிற நீளமான பாட்டுக் கோவை. நாங்கள் பாடுவதை எழுதியவர், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த மனிதர். பெரிய பெயர்களின் வரிசையில் அவரை யாரும் சேர்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தமிழில் ஆக்கிவைத்தார். ஐந்து பாகம். முதலில் பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களின் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ் என நாலு குரல்களும் ஒன்றையொன்று துரத்துகிற பெரிய கோரஸ். அடுத்தது ரெசிடேட்டிவ்: பேஸ் குரல்காரர் ஒருவர் தனியாக, பாதி பேச்சும் பாதி பாட்டுமாகத் தன் கதையைச் சொல்வார். மூன்றாவது சோப்ரானோ பாடும் ஆரியா. நாலாவது ஆல்டோவும் டெனரும் சேர்ந்து பாடும் டூயட். கடைசியில் கோரல், அதாவது எல்லோரும் சேர்ந்து பாடும் எளிய ஞானப்பாட்டு. மொத்தமும் நன்றி சொல்லும் பாட்டு. வருஷா வருஷம் எங்கள் ஸ்தோத்திரப் பண்டிகையில் பாடுவோம்.

சில வருஷங்களுக்கு முன் அதைக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆர்கன் பக்கம் வந்தவள்தான் ஜெபமணி. மலாக்காவில் நர்ஸ். பாட்டனார் விட்டுப்போன ஊரைப் பார்க்க வந்தவள், எங்கள் வீட்டில் தங்கி, என்னை அக்காவாக்கிக்கொண்டு போனாள். அவள் கணவர் ஞானதாஸ் எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் தேவாலயத்தில் பேஸ் குரல் என்றால் அவர்தான்.

போன வருஷம் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு ஜெபமணி பொருத்தனை பண்ணியிருக்கிறாள். இந்த மனுஷன் எழுந்து நடந்தால், பாளையங்கோட்டையில் கேட்ட அந்த நன்றிப் பாட்டை முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை எங்கள் தோட்டத்துக் கோயிலில் பாடவைப்பேன், அந்த ரெசிடேட்டிவை அவரே பாடுவார், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவேன். வேண்டிக்கொள்வது என்றாகிவிட்ட பிறகு அளந்து வேண்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மனுஷன் எழுந்துவிட்டார், நடந்துவிட்டார். பேச்சுதான் திரும்பவில்லை.

பாயா ரும்புட்டில் அவர்கள் வீட்டு கேட்டைத் திறந்தவர் அவரே. இடது கையால் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வாங்க… வாங்க… லோரி…" என்றார். தலையை உலுக்கிக்கொண்டார். "லோரி இல்ல… வாங்க… லோரி…" என்று மறுபடி சொல்லிவிட்டுத் தொடையில் ஓர் அடி அடித்துச் சிரித்தார். அவர் சொல்ல நினைத்தது 'அக்கா'. ஜெபமணி உள்ளே இருந்து, "விடுங்க அக்கா, என்னயே நேத்து முழுக்க பெட்ரோல்னு கூப்டாரு" என்று சத்தம் கொடுத்தாள்.

சாப்பாட்டு மேசையில் நான் மெதுவாகக் கேட்டேன், "ரெசிடேட்டிவ் பாடிருவாரா?"

"பாட்டு வருது அக்கா. பேச்சுதான் வரல. டாக்டர் சொன்னாரு, சில பேருக்கு அப்பிடி இருக்குமாம். ஆனா பாதியில நின்னுட்டா அவ்ளோதான், திரும்ப எடுக்கத் தெரியாது." அவள் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். புளிப்பும் காரமுமாக, அசாம் பெடாஸ் என்றாள். எங்கள் ஊர் மீன் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. "அவரு பாடலன்னா பொருத்தன முடியாதுலா."

மறுநாள் அந்த வீட்டிலேயே சோப்ரானோ கூட்டம். ஜெபமணி ஆஸ்பத்திரியில் ஷிப்டு மாறி மாறிப் பார்ப்பவள். மற்றவர்களில் பாதிப் பேர் பேக்டரி, மீதிப் பேர் ஆபீஸ், கடை. எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது நடக்காத காரியம் என்பதால் ஒவ்வொரு குரலும் ஒவ்வோர் ஊரில் தனித்தனியாகப் பழகிக்கொண்டிருந்தது. நான் பாளையங்கோட்டையிலிருந்து ஒவ்வொரு குரலையும் பாடி போனில் அனுப்பியிருந்தேன். சனிக்கிழமைதான் முதன்முதலாக எல்லோரும் ஒன்றாகப் பாடப்போகிறார்கள், ஞாயிறு காலை அரங்கேற்றம்.

சோப்ரானோக்களுக்குத் தலைவி மங்கை, வக்கீல் ஆபீசில் வேலை. பிள்ளையார் கோயிலில் திருப்புகழ் பாடுகிறவள். "ஒங்க சபையில சேர வரல அக்கா, இவங்க வேண்டுதலுக்கு வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவளே கீபோர்டைத் தட்டி ஆரியாவைப் பாடினாள். நான் சோபாவில் சாய்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் நெத்திலி சம்பலும் வாய்க்குள் இருக்கும்போது குறை கண்டுபிடிப்பது கஷ்டம். குறையும் இல்லை. மூச்சு விடும் இடம்கூட நான் பாடி அனுப்பியபடியே இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை. எங்கள் ஊர் சோப்ரானோக்களுக்கு ஒத்திகை என்றால் பாதி நேரம் சேலைப் பேச்சு.

வெள்ளிக்கிழமை நான் தனியாக மலாக்கா டவுனைச் சுற்றிப் பார்த்தேன். சிவப்புக் கட்டடங்கள், ஆறு, குடையைத் தூக்கிப் பிடித்தவர் பின்னால் போகும் சீனச் சுற்றுலாக் கூட்டம். ஒரு கடையில் செண்டோல் சாப்பிட்டேன். துருவிய பனிக்கட்டியும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் கலந்த பானம். பாகை நாக்கில் வைத்ததும் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரர்கள் யாரோ இங்கே கடை போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கடைக்காரச் சீனப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முதல் கரண்டியில் இப்படித்தான் விழிப்பார்கள்" என்று பக்கத்து மேசையிடம் மலாயில் சொன்னாராம். மொழிபெயர்த்தது அந்தப் பக்கத்து மேசைதான்.

மாலையில் டெனர்களைக் கேட்கச் சிம்பாங் அம்பாட்டுக்குப் பஸ் ஏறினேன். இங்கேதான் வினை. எங்கள் ஊர் பஸ்ஸில் நடத்துநர் ஊர்ப் பெயரைக் கத்துவார், விசில் அடிப்பார், தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார். நானும் அந்த நினைப்பில் உட்கார்ந்திருந்தேன். இங்கே நடத்துநர் என்று ஓர் ஆளே கிடையாது. அவரவர் ஊர் வந்தால் அவரவர் மணியை அழுத்தவேண்டும். சிம்பாங் அம்பாட் வந்தது, போனது. இரண்டு பக்கமும் செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. பஸ்ஸில் மிஞ்சியது நானும் ஒரு மலாய் அம்மாளும். அவர் எழுந்து வந்து நான் எங்கே போகிறேன் என்று கேட்டார், டிரைவரிடம் ஏதோ சத்தம் போட்டார், என்னோடு தானும் இறங்கினார். ஜெபமணி கொடுத்த நம்பருக்குத் தன் போனில் பேசினார். வண்டி வரும்வரை சடக்கோரத்தில், சாலைக்கு இங்கே அதுதான் பெயர், என்னோடு நின்றார். நின்ற நேரத்தில் பையைத் திறந்து வாழைக்காய் வறுவலும் நீட்டினார். "உன் வயசில் எனக்கொரு தங்கை இருக்கிறாள், அவளும் இப்படித்தான் ஊரைத் தாண்டிவிடுவாள்" என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அவர் பெயரைக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

பிக்கப் வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டவர் குமரேசன். டயர் கடைக்காரர், மாரியம்மன் கோயில் பஜனைக் குழுவின் முன்பாட்டுக்காரர், நம் கன்டாட்டாவின் டெனர் தலைவர். ஞானதாஸின் லோரிக்குக் காலங்காலமாக டயர் மாற்றியவர்.

"பசியாறிட்டீங்களா அக்கா?"

"டெனர் எப்படி வந்திருக்கு, அதச் சொல்லுங்க."

"ரிலேக்ஸ் லா. மொதல்ல தே தாரே குடிங்க, நல்லா இழுத்து ஆத்துன டீ. பாட்டு எங்கயும் ஓடிறாது."

பஜனைக் குழுவின் ஆண்கள் அத்தனை பேரும் டயர்கள் மேல் உட்கார்ந்து, ஆர்மோனியம் வைத்துக்கொண்டு, முதல் கோரஸைப் பாடினார்கள். குரல்கள் துரத்திக்கொள்ளும் இடத்தில் மற்றவர்கள் எப்போது நுழைவார்கள் என்று விரல் விட்டு எண்ணிக் காத்திருந்து, சரியாக நுழைந்தார்கள். எனக்குப் புல்லரித்தது. நான் குமரேசனிடம் கேட்டேன், சாமி வேறாக இருக்கிறதே, சங்கடமில்லையா என்று.

"இதுல என்னா சங்கடம்? நானும் தைப்பூசத்துக்கு காவடி எடுக்குறவன்தான். நேர்ந்துக்கிட்டா முழுசா செய்யணும். நம்ம தாஸ் அண்ணன் வூட்டு வேண்டுதல் ஆள் இல்லாம நிக்கலாமா?"

சனிக்கிழமை மதியம் எல்லோரும் தோட்டத்துக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போகும் மண் சடக்கில், செம்பனைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட சின்னத் தேவாலயம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன, ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள், கோயிலுக்கு மட்டும் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். ஆல்டோக்களை அன்றுதான் முதலில் பார்த்தேன். எல்லோரும் ஜெபமணியோடு வேலை பார்க்கும் நர்சுகள், பாதிப் பேர் யூனிபார்மோடு வந்திருந்தார்கள். ஞானதாஸ் பேஸ் வரிசையில், சுவரில் சாய்ந்து நின்றார்.

நான் கீபோர்டில் உட்கார்ந்து முன்னிசை வாசித்துத் தலையை ஆட்டினேன்.

டெனர் நுழைந்தது. நான் வாசித்ததற்குச் சம்பந்தமில்லாத சுருதியில், அவ்வளவு சுத்தமாக. பிறகு ஆல்டோ, வேறொரு சுருதியில். அப்புறம் சோப்ரானோ. கடைசியாக பேஸ். ஒவ்வொரு குரலிலும் ஒரு பிழை கிடையாது. நாலு குரலும் நாலு வீட்டுக் கல்யாணத்து மேளம் மாதிரி இடித்துக்கொண்டு நின்றன. கோயிலுக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. கடைசியில் பாட்டு நிற்க, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மங்கை, நீங்க எந்தச் சுருதியில பழகினீங்க?"

"ஒரு கட்டை அக்கா. நீங்க அனுப்புன ரெண்டு கட்டை எங்களுக்கு மேல எட்டல. கீபோர்ட்ல பட்டன் இருக்குதானே, எறக்கிட்டோம்."

"ஆல்டோ?"

"எங்களுக்கு ரொம்ப கீழ இருந்துச்சு. மூணுக்கு ஏத்திட்டோம்."

குமரேசன் தானாகவே சொன்னார். "நாங்க ஒன்றர அக்கா. ஆர்மோனியத்துல அதுதான் நமக்குத் தோது. அவங்கவங்க கட்டையிலதானே பாடணும்? பாட்டு ஒன்னுதானே!"

நம் ஊரில் பாட்டு என்றால் அதுதானே நியாயம். முதலில் சுருதி அவரவர் தொண்டைக்கு, பிறகுதான் பாட்டு. எழுதியவர் எந்த உயரத்தில் எழுதினார் என்று நம்மவர்கள் யார் கேட்டார்கள்? ஒவ்வொரு குழுவும் தனித்தனி இடத்தில் தங்கள் தொண்டைக்குச் சரியானதைச் செய்திருக்கிறார்கள். இரண்டு நாளாக உட்கார்ந்து கேட்டேனே, எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், பக்கத்தில் இன்னொரு சுருதி ஒலித்தால்தான் எனக்கு வித்தியாசம் பிடிபடும். தனியாகக் கேட்டால் எல்லாம் இனிமையே. அதோடு நாசி லெமாக் வேறு.

"சரி, எல்லாரும் என்னோட ரெண்டு கட்டைக்கு வாங்க" என்றேன். வந்தார்கள். சோப்ரானோ கஷ்டப்பட்டு எட்டியது, ஆல்டோ முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. கோரஸ் ஒரு மாதிரி உருண்டு ஓடியது. அடுத்து ரெசிடேட்டிவ். ஞானதாஸுக்கு நான் ஸ்வரம் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்தார். "ஆற்று… ஆற்று… லோரி…" மறுபடி கொடுத்தேன். "லோரி…" அவர் முகம் கறுத்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஜெபமணி என்னிடம் வந்தாள். "நான்தான் அக்கா அவருக்கு ஆஸ்பத்திரி கட்டில்ல ஒக்காந்து சொல்லிக் குடுத்தேன். எனக்கு வந்த சுருதியில. அதுலயே ஆரம்பிச்சாதான் வார்த்தை வருது. சுருதி மாறினா வார்த்தையும் சேந்து போய்டுது."

அவர் காதருகே போய் அவள் மெல்ல முனகினாள். அவர் பாடினார். 'ஆற்று வெள்ளம் என்னை இழுத்துப் போயிற்று.' ஒரு சொல் தடுக்கவில்லை. நான் கீபோர்டில் தேடிப் பார்த்தேன். ஏழு கட்டை. ஒன்றுக்கும் கீழே, கீழ் ஸ்தாயியில் வருகிற ஏழு; நான் இருக்கும் இடத்திலிருந்து ஒன்றரைக் கட்டை கீழே.

நான் ஜெபமணியைத் தனியாகக் கூப்பிட்டேன். "இங்க பாரு, கடைசிக் கோரல மட்டும் எல்லாரும் சேர்ந்து ஒரே குரல்ல பாடிருவோம். மங்கை ஆரியா பாடட்டும். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

அவள் என்னிடம் கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். "அஞ்சும்னு சொல்லித்தான் அக்கா வேண்டினேன். அவரு பாடுவாருன்னு சொல்லி வேண்டினேன். ஆண்டவரு அவர எழுப்பி வுட்டப்ப பாதியாவா எழுப்பி வுட்டாரு? நான் எப்பிடி பாதி குடுக்குறது?"

டயர் கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "சூசாதான், கஷ்டம்தான். ஆனா காவடிய பாதி வழியில எறக்கி வெக்க முடியாது அக்கா. தாஸ் அண்ணனால நம்ம சுருதிக்கு வர முடியலன்னா, நாம அவரு சுருதிக்கு போவோம். நடக்க முடியாதவரு ஊட்டுக்கு நாமதானே போறோம்?"

எல்லோரும் ஏழு கட்டைக்கு இறங்கினார்கள். பாவம் ஆல்டோக்கள்தான். மூன்று கட்டையில் பறந்துகொண்டிருந்தவர்கள் பாதாளத்துக்கு வந்துவிட்டார்கள். "இது பாட்டா, கொறட்டையா?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். அவர்களுக்குத் துணையாக டெனரிலிருந்து இரண்டு பேரைப் பிரித்துக் கொடுத்தோம். சோப்ரானோக்களுக்கோ கொண்டாட்டம்.

இனி என் பாடு. சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனை நான் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவள். கறுப்புக் கட்டைகளைத் தொடப் பயப்படுகிறவர்களுக்காக ஜப்பான்காரன் செய்த உபகாரம் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். ஆகவே வீறாப்பாகக் கையாலேயே சுருதி மாற்றி வாசித்தேன். இரண்டாவது பக்கத்தில் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்தன. மங்கை ஒன்றும் பேசாமல் வந்து, கையை நீட்டி, பட்டனை, தட்டுக்கு அரைக் கட்டையாக, மூன்று தடவை கீழே தட்டிவிட்டுப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

தேநீர் குடிக்கும்போது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. அந்த ஜெர்மன்காரர் காலத்தில் ஊருக்கு ஊர் ஆர்கனின் சுருதி வேறாக இருக்குமாம். இந்த ஊரில் எழுதியதை அந்த ஊரில் வாசிக்க வேண்டுமென்றால் உட்கார்ந்து சுருதி மாற்றி எழுதிக்கொள்வார்களாம். எப்போதோ படித்தது. அப்படியானால் அவர் எங்கள் சனிக்கிழமையைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். பட்டன் மட்டும் அவரிடம் இருந்திருந்தால் அவரும் தட்டியிருப்பார்.

ஞாயிறு காலை கோயிலுக்கு வெளியே கூடாரம் போட்டு, பெரிய சட்டிகளில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. கிளறியவர்கள் குமரேசனின் வீட்டாரும் மங்கையின் மாமியாரும். எங்கள் ஊர்த் தேவாலயச் சமபந்தியான அசனத்தில் சட்டியைக் கிளறுகிற அதிகாரத்துக்கே பெரிய சண்டை நடக்கும். இங்கே யார் கையில் அகப்பை கிடைத்ததோ அவர் கிளறினார். பெஞ்சுகள் நிறைந்து ஜன்னலோரமும் ஆள் நின்றது. போதகர் சுருக்கமாக ஜெபித்தார், அதற்கு அவருக்கு என் தனி நன்றி.

முதல் கோரஸ் ஓடியது. டெனர் துரத்த ஆல்டோ முனக சோப்ரானோ மேலே ஏற, நாலு மேளமும் ஒரே வீட்டு மேளமாகிவிட்டது. முடிந்ததும் ஞானதாஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். ஜெபமணி ஆல்டோ வரிசையில் தரையைப் பார்த்து நின்றாள்.

நான் ஏழு கட்டையில் முதல் ஸ்வரக்கட்டை, சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரங்களை, அழுத்திப் பிடித்தேன்.

'ஆற்று வெள்ளம் என்னை இழுத்துப் போயிற்று' என்று பாடினார். லோரி ஓட்டியவர் குரல், கனத்த குரல். 'கரை எங்கே என்று தெரியவில்லை' என்று பாடினார். நின்றுவிட்டார்.

அடுத்த வரி, 'அப்போது ஒரு கை நீண்டது.' எனக்குத் தெரியும், ஜெபமணிக்குத் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வரவில்லை. உதடு அசைகிறது, சத்தமில்லை. ரெசிடேட்டிவில் தாளம் கிடையாது, பாடுகிறவர் எப்போது வருகிறாரோ அப்போது வரலாம், கீபோர்டு காத்திருக்கும். நான் ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் வியர்த்து வழுக்கியது. திரும்ப எடுக்கத் தெரியாது என்று ஜெபமணி சொன்னது காதுக்குள் கேட்டது. அவள் தலை நிமிரவே இல்லை.

அப்போது குமரேசன் பாடினார். அவரும் அவர் பக்கத்தில் இருந்தவர்களும், மெல்லிய குரலில், அதே சுருதியில்: 'கரை எங்கே என்று தெரியவில்லை.'

என் தாளில் அப்படி ஒரு வரி அங்கே கிடையாது. பஜனைக்காரர்களுக்கு அது பழக்கம். முன்பாட்டுக்காரர் ஒரு வரியைப் பாடி நிறுத்தினால் அதைத் திருப்பிப் பாடுவது பின்பாட்டின் வேலை. அவர் மூச்சு வாங்கட்டும், அடுத்த வரியை எடுக்கட்டும் என்று வரியைத் தாங்கிப் பிடிப்பார்கள். தாஸ் அண்ணன் நிறுத்தினார், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை பாடும்போது ஜன்னலோரத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோயிலே மெல்ல அந்த ஒரு வரியைப் பாடிக்கொண்டு நின்றது. ஞானதாஸ் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார், லோரியை நகர்த்தச் சொல்லிக் கிளீனர் கை காட்டும்போது ஆட்டுவதுபோல.

'அப்போது ஒரு கை நீண்டது' என்று பாடினார்.

அதையும் அவர்கள் திருப்பிப் பாடினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வரியையும். அந்த ரெசிடேட்டிவ் எழுதியதைப் போல இரண்டு மடங்கு நீண்டது. 'அந்தக் கை இன்னும் என்னை விடவில்லை' என்று அவர் முடித்தபோது என் கண்ணில் தாளும் தெரியவில்லை, கட்டையும் தெரியவில்லை. எனக்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எழுதிய ஜெர்மன்காரருக்கா, தமிழாக்கியவருக்கா, இந்த டயர் கடைக்காரருக்கா? எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

மங்கை ஆரியாவைப் பாடினாள். டூயட் நடந்தது. கோரலுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஐந்து பாகமும் முடிந்தது. ஜெபமணி கையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு குமரேசனைப் பார்த்தாள். "கொறையல தங்கச்சி," என்றார் அவர், "கொஞ்சம் கூடத்தான் போச்சு."

பொருத்தனை செலுத்திய வீட்டுக்காரர் எழுந்து, வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடவேண்டும். கூப்பிடாமல் யாரும் பந்திக்குப் போக மாட்டார்கள். அது இங்கேயும் வழக்கம், எங்கள் ஊரிலும் வழக்கம். ஜெபமணி மைக்கை எடுத்தாள். ஞானதாஸ் இடது கையை நீட்டி அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "எல்… எல்லா… லோரி…" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேசுவதை விட்டுவிட்டு, ரெசிடேட்டிவின் கடைசி வரி மெட்டை எடுத்து, அதே ஏழு கட்டையில், இழுத்துப் பாடினார்:

"எல்லாரும்… சாப்ட்டுட்டு… போங்க…"

பிறகு டெனர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று திருப்பிப் பாடினார்கள்: "எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க!" சிரிப்பும் அழுகையுமாகக் கோயில் அதிர்ந்தது. அவர் மைக்கை மனைவியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார்.

ரெசிடேட்டிவ் முடிந்ததும், பாடியவர் நிறுத்திய பிறகு, கீபோர்டு இரண்டு ஸ்வரக்கட்டுகளை அழுத்தமாக வாசித்து மூடவேண்டும். அது வாசிக்கிறவருடைய வேலை. வாசித்தேன்.